பிழை நாணயமும் அச்சு வகையும்



நாணயத்தின் பிழையை இனம் காண, நாணயம் உருவாகும் வழி தெரிந்திருக்க வேண்டும். உலோகத் தகட்டிலிருந்து வட்ட வில்லைகள் வெட்டப்படுகின்றன. மேலும் கீழுமாக உள்ள இரண்டு எஃகு அச்சுகளுக்கு நடுவே சிக்கும் வில்லை, அடி விழுந்ததும் நாணயமாகிறது. வில்லை பழுதானாலோ அடி தவறினாலோ கெடுவது பெரும்பாலும் அந்த ஒரு நாணயம்தான். பழுது அச்சிலேயே இருந்தால், அந்த அச்சு அடிக்கும் ஒவ்வொரு நாணயத்திலும் அதே இடத்தில் பழுது தெரியும். முன்னது பிழை நாணயம். பின்னது அச்சு வகை.

அச்சு வகையில் பேர்போனது அமெரிக்காவின் 1955ஆம் ஆண்டு லிங்கன் சென்ட். உருவம் புடைத்த மூலமுத்திரை ஒன்றை எஃகில் அழுத்தித்தான் அச்சு செய்யப்படும். அந்தக் காலத்தில் ஒரே அழுத்தில் உருவம் முழுதாகப் பதியாது. அழுத்தத்தில் இறுகிய எஃகைக் காய்ச்சி இளக்கி மறுபடியும் அழுத்துவார்கள். பிலடெல்ஃபியா நாணயச்சாலையில் ஓர் அச்சுக்கு இந்த மறு அழுத்தம் சற்றே திரும்பி விழுந்தது. ஆண்டும் விளிம்போர எழுத்துகளும் வெறுங்கண்ணுக்கே இரண்டிரண்டாகத் தெரிகின்றன. இதை இரட்டை அச்சு என்பார்கள். நடுவிலுள்ள லிங்கன் முகத்தில் இரட்டிப்பு அவ்வளவாக இல்லை. அந்த அச்சில் அடித்த நாணயங்களில் 20,000க்கும் மேற்பட்டவை புழக்கத்துக்குப் போயின என்பது பொதுவான மதிப்பீடு. அப்போது சிகரெட் பெட்டியோடு மீதிச் சில்லறையாக வைக்கப்பட்ட சென்ட்டுகளில் பலருக்கு அவை கிடைத்தன.

தொடக்கக்காரர்களை அதிகம் ஏமாற்றுவது இயந்திர இரட்டிப்பு. அடித்து முடியும் கணத்தில் தளர்ந்த அச்சு நகர்ந்து எழுத்தை உரசிவிடும். இது அச்சு வகையே அல்ல. பெரும்பாலான சேகரிப்பாளர்கள் கூடுதல் விலையும் தருவதில்லை. பத்து மடங்கு பூதக்கண்ணாடியில் வேறுபாடு துலங்கும். உண்மையான இரட்டை அச்சில் எழுத்து தடித்திருக்கும், இரண்டாம் கோடு உருண்டு புடைத்திருக்கும், எழுத்தின் முனையில் சிறு பிளவு தெரியும். இயந்திர இரட்டிப்பில் எழுத்து மெலிந்து, பக்கத்தில் தட்டையான ஒரு படி மட்டும் நிற்கும்.

மேடா பள்ளமா என்று பார்ப்பதும் முக்கியம். அச்சில் விழுந்த விரிசல் நாணயத்தில் மேடான கோடாகும். பள்ளமான கோடு பெரும்பாலும் பின்னால் பட்ட கீறல்தான். போலியைப் பிடிக்கவும் இது உதவும். 1937இல் டென்வரில் ஓர் அச்சை அளவுக்கு மீறித் தேய்த்ததால் ஐந்து சென்ட் நாணயத்துக் காட்டெருமையின் முன்னங்கால் ஒன்று மறைந்தது. இதைப் போலக் காட்ட, நல்ல நாணயத்தில் உள்ள காலைச் சுரண்டிப் போலி செய்பவர்கள் உண்டு. அசலில் வயிற்றின் கீழிருந்து தரைவரை சின்னச் சின்னப் புடைப்புகள் வரிசையாக இறங்கும். சுரண்டியதில் அவை இருக்காது.

ஓரம் வெட்டுப்பட்ட நாணயத்தில் வெட்டுக்கு நேர் எதிர்ப்பக்க விளிம்பைப் பார்க்க வேண்டும். வெட்டுப்பட்ட வில்லையில் அடித்ததென்றால் பொதுவாக அங்கே விளிம்பு மங்கியிருக்கும். பின்னால் கத்தரித்ததில் விளிம்பு முழுதாக எழுந்து நிற்கும்.

இந்திய நாணயங்களில் ஆண்டுக்குக் கீழே உள்ள புள்ளியும் நட்சத்திரமும் பிழையல்ல. அவை நாணயச்சாலையின் குறிகள்: புள்ளி நொய்டாவையும் நட்சத்திரம் ஹைதராபாத்தையும் குறிக்கும். கொல்கத்தா நாணயத்தில் குறியே இராது.