ரேடியேட்டருக்கு எந்தத் தண்ணீர், எந்தக் கூலன்ட்?

"வெயில் கொளுத்துகிற ஊரில் கூலன்ட் எதற்கு? அதெல்லாம் பனி பெய்யும் நாட்டுக்காரர்கள் சமாச்சாரம்" என்று ரேடியேட்டரில் குழாய்த் தண்ணீரை ஊற்றுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்கும், பச்சையா சிவப்பா என்று கடையில் விழித்து நிற்பவர்களுக்கும் சில குறிப்புகள்.

1. உறையாமல் காப்பது கூலன்ட்டின் ஒரு வேலைதான். நமக்கு வேண்டியது மற்ற இரண்டு வேலைகள். எத்திலீன் கிளைக்காலும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட், 106 டிகிரி செல்சியஸைத் தாண்டித்தான் கொதிக்கும். ரேடியேட்டர் மூடி கொடுக்கும் அழுத்தமும் சேர்ந்தால் 125 டிகிரி வாக்கில் தாங்கும். அதைவிடப் பெரிது அரிப்பைத் தடுக்கும் வேலை. அம்பாசிடர் காலத்து வார்ப்பிரும்பு எஞ்சினும் செம்பு, பித்தளை ரேடியேட்டரும் வெறும் தண்ணீரை ஓரளவு பொறுத்துக்கொண்டன. இன்றைய கார்களில் ரேடியேட்டர் அலுமினியம், எஞ்சின் ஹெட்டும் அலுமினியம். ரேடியேட்டர் குழாயின் சுவர் அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. அதில் ஊசிமுனை அளவு ஓட்டை விழ எவ்வளவு நேரமாகும்?

2. கூலன்ட் பிராண்டைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறவர்கள், அதில் கலக்கும் தண்ணீரைக் கவனிப்பதில்லை. என் கணக்கில் தண்ணீர்தான் முதல் கேள்வி. போர் தண்ணீர் பிடிக்கிற பக்கெட்டின் விளிம்பைப் பாருங்கள். வெள்ளையாகப் படிந்து, நகத்தால் சுரண்டினாலும் போகாமல் இருக்கும். சூடான எஞ்சினுக்குள் அதே கால்சியமும் மெக்னீசியமும் இன்னும் வேகமாகப் படியும். படிந்த இடத்தில் உலோகத்தின் சூடு கூலன்ட்டுக்கு இறங்காது. கடலோரப் பகுதி என்றால் உப்பும் சேரும். உப்பிலுள்ள குளோரைடு, அலுமினியத்தின் மேல் இயற்கையாக இருக்கும் பாதுகாப்புப் படலத்தைத் துளைத்துக் குழி பறிக்கும். போதாக்குறைக்கு, சில கூலன்ட்டில் இருக்கும் பாஸ்பேட்டும் கடின நீரும் சேர்ந்தால் கசடாகத் திரளும். துருவைத் தடுக்கப் போட்ட மருந்தே சகதியாகிவிடும்.

3. ஆகவே டிஸ்டில்ட் வாட்டர் அல்லது தாது நீக்கிய தண்ணீர் வாங்குங்கள். பேட்டரிக்கு ஊற்ற கேனில் விற்பார்களே, அதுதான். (பேட்டரி ஆசிட் வேறு, லேபிளைப் படித்துவிட்டு வாங்குங்கள்.) வீட்டு ஆர்.ஓ. தண்ணீர் போர் தண்ணீரைவிட மேல். ஆனால் ருசிக்காகக் கொஞ்சம் சாதாரணத் தண்ணீரைக் கலந்துவிடுகிற மெஷின்கள் உண்டு. ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பு இருக்காது, தூசும் அழுக்கும் இருக்கும். அவசரத்துக்கு மட்டும் சரி.

4. டப்பாவில் 'ரெடி மிக்ஸ்' என்று இருந்தால் ஒரு சொட்டுத் தண்ணீரும் சேர்க்கக் கூடாது. 'கான்சன்ட்ரேட்' என்றால் கட்டாயம் கலக்க வேண்டும். கலக்காமல் அப்படியே ஊற்றினால் குளிர்ச்சி கூடும் என்பது தப்புக் கணக்கு. தண்ணீர் அளவுக்குக் கிளைக்கால் சூட்டை வாங்கிச் செல்லாது.

5. நிறத்தை நம்பி வாங்காதீர்கள். நிறம் வெறும் சாயம். கம்பெனிக்குக் கம்பெனி மாறும். டொயோட்டாவின் இளஞ்சிவப்புக் கூலன்ட்டில் பாஸ்பேட் உண்டு. ஃபோக்ஸ்வேகனின் ஜி12 கூலன்ட்டும் அதே நிறச் சாயலில் வந்தது. அதில் பாஸ்பேட் கிடையாது. காரோடு வந்த கையேட்டில் என்ன வகை என்று எழுதியிருக்கும். அது சொல்வதே முடிவு. டப்பாவின் பின்பக்கத்தில் ஜே.ஐ.எஸ். கே 2234, ஏ.எஸ்.டி.எம். டி 3306 போன்ற தர எண் இருக்கிறதா என்றும் பாருங்கள். மின்சாரக் காரின் பேட்டரிக்கான கூலன்ட் தனி ரகம். அதில் கை வைக்காதீர்கள்.

6. ரெண்டு வகையை ஒன்றாக ஊற்றினால் சில சமயம் கூழாகிவிடும். ஆகாவிட்டாலும் துருத்தடுப்பு மருந்தின் ஆயுள் குறையும். உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாத பழைய கார் வாங்கினால், முழுக்க வடித்து, டிஸ்டில்ட் வாட்டரால் கழுவிப் புதிதாக நிரப்புவதே நல்லது. அதன்பின் காற்றை வெளியேற்றச் சொல்லி மெக்கானிக்கிடம் நில்லுங்கள். உள்ளே காற்று தங்கினால் அந்த இடம் காய்ந்து சூடேறும், துருவும் பிடிக்கும்.

7. கூலன்ட்டுக்கும் வயது உண்டு. கிளைக்கால் நாள்பட அமிலமாக மாறும், மருந்தும் தீர்ந்துபோகும். பழைய பச்சை ரகத்துக்கு 2 ஆண்டு, கரிம அமில ரகத்துக்கு 5 ஆண்டு என்பது பொதுவான கணக்கு. எஞ்சின் ஆறியபின் ரிசர்வ் டாங்கிலிருந்து கொஞ்சம் எடுத்து வெள்ளைக் கிண்ணத்தில் ஊற்றிப் பாருங்கள். பழுப்பாகவோ கலங்கலாகவோ இருந்தாலும், அடியில் மண்போலத் தங்கினாலும், எண்ணெய் மிதந்தாலும் சர்வீஸுக்கு விடும் நேரம் வந்துவிட்டது. எண்ணெய் மிதந்தால் ஹெட் காஸ்கெட்டை முதலில் சந்தேகப்படுங்கள்.

8. வாட்டர் பம்புக்கு அடியிலும் ஹோஸ் கிளிப் ஓரத்திலும் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் அங்கே கசிகிறது. காருக்குள் இனிப்பு வாடை அடித்தால் ஹீட்டர் பக்கம் பார்க்க வேண்டும். ஓட்டையை அடைக்க மஞ்சள்தூளைக் கொட்டும் கைவைத்தியம் நம்மிடம் உண்டு. அது ஓட்டையோடு நல்ல குழாய்களையும் சேர்த்தே அடைக்கும். வேண்டாம்.

9. டெம்பரேச்சர் முள் ஏறினால் ஓரம் கட்டி, எஞ்சினை நிறுத்தி, நன்றாக ஆறவிடுங்கள். சூட்டோடு மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் பீச்சும். கொதிக்கிற எஞ்சினில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றினால் ஹெட் வளையலாம், விரிசலும் விடலாம். ஆறியபின் கூலன்ட் கைவசம் இல்லையென்றால், பாட்டில் குடிநீர் ஊற்றி ஒர்க்‌ஷாப் வரை போகலாம். போனதும் மாற்றிவிடுங்கள்.

10. எத்திலீன் கிளைக்கால் இனிக்கும், ஆனால் விஷம். சிறுநீரகத்தைப் பாழாக்கி உயிரையே எடுக்கும். வடித்த கூலன்ட்டைத் தெருவில் ஊற்றாதீர்கள்; நாய் நக்கும். குடிநீர் பாட்டிலில் ஊற்றி வைப்பதோ அதைவிட ஆபத்து. குழந்தை ஒரு வாய் குடித்ததாகச் சந்தேகம் வந்தாலும், நன்றாகத்தானே இருக்கிறது என்று காத்திருக்காமல், அந்த டப்பாவையும் கையோடு எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.