கொக்கோக் கோதிலிருந்து தூய பெக்டின்

தும்பறைப் பள்ளத்தாக்கிலே கொக்கோ நெடுங்காலமாக வளர்ந்துவரும் பயிர். பழைய தெல்தெனிய நகர், 1985 ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற விக்டோரியா அணைக்கட்டின் நீர்த்தேக்கத்துள் மறைந்ததாயினும், சூழவுள்ள மேட்டு நிலத் தோட்டங்களில் கொக்கோ மரங்களை இன்றுங் காணலாம். காயை உடைத்து விதையை எடுத்தபின், கோது மரத்தடியிலேயே எறியப்படுகின்றது. காயின் நிறையில் ஏறக்குறைய முக்காற்பங்கு இக்கோதே. குவிந்து அழுகுங் கோதிலே, காயைக் கருக்கும் நோயின் கிருமி தங்கியிருந்து மீண்டும் மரத்தைப் பற்றுகின்றது.

இக்கோதினுள் பெக்டின் உண்டு. தாவரக் கலங்களை ஒன்றோடொன்று பிணைக்கும் பசை போன்ற இப்பொருளுக்கு 1825 ஆம் ஆண்டிற் பெயரிட்டவர் பிரெஞ்சு இரசாயனர் பிராக்கொன்னோ. ஜாம் உறைவது இதனாலேயே. சந்தைக்கு வரும் பெக்டினிற் பெரும்பகுதி, சாறு பிழிந்த தோடை, தேசி முதலியவற்றின் தோலிலிருந்தும் அப்பிள் சக்கையிலிருந்தும் கிடைப்பது.

பிரித்தெடுத்தல் எளிது, தூய்மையாக்கலே கடினம். உலர்ந்த கோதின் தூளைச் சிற்றிக்கமிலஞ் சேர்ந்த வெந்நீரில் ஒரு மணிநேரம் வைத்துத் துணியில் வடித்தால், பெக்டின் நீரோடு வந்துவிடும். ஆயின் அது தனியே வருவதில்லை. வெல்லங்கள், கபில நிறந்தரும் பொலிபீனோல்கள், புரதம், உப்புக்கள் யாவும் உடன்வரும். கோதிற் பொற்றாசியம் மிகுதி. கானா நாட்டார் அதன் சாம்பலைக்கொண்டு சவர்க்காரஞ் செய்வர்; அவர்க்கு வாய்ப்பானது நமக்கு இடையூறு!

வடிதிரவம் ஆறியபின், அதன் இருமடங்கு அற்ககோலை ஊற்றிக் கலக்கினால் பெக்டின் இழுதுபோலத் திரளும். வெல்லங்கள் பெரும்பாலுந் திரவத்திலேயே தங்கும். இத்துடன் வேலை முடிந்ததென்று உலர்த்திவிடலாகாது. திரளினுள் அகப்பட்ட நீர் அழுக்கையுஞ் சுமந்திருக்கும். ஆகவே அதனைப் பிழிந்து, 70 வீத அற்ககோலிற் பலமுறை கழுவுதல் வேண்டும். முதற் கழுவலிற் சிறிது ஐதரோக்குளோரிக்கமிலஞ் சேர்ப்பின், பெக்டினோடு பிணைந்த கல்சியம் முதலியனவும் நீங்கும். பின்னர் அமிலம் போகும்வரை கழுவி, மெல்லிய சூட்டில் உலர்த்துக. வெறும் நீரிற் கழுவினாற் பெக்டினே கரைந்துபோம். அற்ககோல் தீப்பற்றுமாதலின் அருகே சுவாலை இருத்தலாகாது.

தூள் வெளிறியிருப்பது தூய்மைக்குச் சான்றன்று. உணவில் இடும் பெக்டினில், ஈரமுஞ் சாம்பலும் நீக்கிக் கணிக்குமிடத்து, கலற்றுரோனிக்கமிலம் 65 வீதத்திற் குறையலாகாதென்பது சர்வதேச நியமம். கொக்கோப் பெக்டினுக்கு வேறொரு குறையுமுண்டு. அதன் மூலக்கூற்றிலுள்ள அசற்றைல் கூட்டங்கள் உறைதலுக்குத் தடையாகின்றன. அவை அழுக்கல்ல, மூலக்கூற்றின் உறுப்புக்கள். எத்தனைமுறை கழுவினும் போகா. எனவே இதனைத் தோடைப் பெக்டினுக்கு ஈடெனக் கூறுதல் நேர்மையன்று. தடிப்பூட்டும் பொருளாகவே இது முதலில் இடம்பெறத் தக்கது.

செலவு பெரிதும் அற்ககோலிலேயே. அதனை மீண்டும் காய்ச்சி வடித்தெடுக்கும் வசதியுள்ள ஓரிடத்திலன்றி இத்தொழில் கட்டுப்படியாகாது. தோட்டக்காரர் செய்யத்தக்கது, காய் உடைத்த அன்றே கோதைச் சீவி, கொதிநீரிற் சிறிதுநேரம் இட்டு, வெயிலில் உலர்த்தி வைப்பதாகும். அழுகத் தொடங்கிய கோதில் நுண்ணுயிர்களின் நொதியங்கள் பெக்டினைத் துண்டாடிவிடும். பின்னர் எவ்வளவு அற்ககோல் ஊற்றினும் திரள்வது சொற்பமே.