பச்சை சாத்திக்கு மயில்

கேள்வி: ஆவணித் திருவிழாவில் பச்சை சாத்தி அன்று உடுத்த, பச்சைப் பருத்தித் துணியில் மெஷினில் மயில் எம்பிராய்டரி போடுகிறேன். சுற்றிலும் சுருங்குகிறது, நூலும் அறுகிறது. என்ன செய்வது?
- வாசகி, திருச்செந்தூர்

பதில்: சுருக்கத்துக்கு முதலில் வளையத்தைச் சந்தேகியுங்கள். துணியை மாட்டிவிட்டு ஓரத்தைப் பிடித்து இழுத்து விறைப்பாக்குவது பலருக்கும் பழக்கம். வளையத்தைக் கழற்றியதும் துணி பழைய நிலைக்குத் திரும்பும், தையல் திரும்பாது. திருகை முடுக்கும் முன்பே துணியை நீவிவிடுங்கள். அடியில் ஸ்டெபிலைசரையும் சேர்த்தே மாட்டுங்கள். தோகைபோல் தையல் அடர்ந்த டிசைனுக்குக் கிழித்தெடுக்கும் வகை தாங்காது, வெட்டியெடுக்கும் வகையே நல்லது. பருத்தியை முன்பே நனைத்து உலர்த்தி இஸ்திரி போட்டீர்களா?

நூல் அறுவது பெரும்பாலும் ஊசியால்தான். 40-ம் எண் ரேயான் நூலுக்கு 75/11 எம்பிராய்டரி ஊசி பொருந்தும். எட்டு மணி நேரத் தையலுக்கு ஓர் ஊசி என்பது பொதுக்கணக்கு. உங்கள் ஊர்க் கடற்காற்றில் அதுவரை காத்திருக்க வேண்டாம். துருவேறிய ஊசி நூலை அராவிவிடும்.

டென்ஷனுக்குத் துணியைத் திருப்பிப் பாருங்கள். சாட்டின் தையலின் நடுவே, மூன்றில் ஒரு பங்கு பாபின் நூல் தெரிந்தால் சரி. மயிலுக்கு ஜரிகை நூல் போட ஆசையிருந்தால் 90/14 ஊசிக்கு மாறி, வேகத்தைக் குறையுங்கள். எதையும் முதலில் அதே துணியின் வெட்டுத்துண்டில் போட்டுப் பாருங்கள்.