படகின் முகம் ஏன் தூக்குகிறது?
(தானியங்கித் தகடும் நம் சரக்கு வண்டியும் - ஒரு தொழில் அறிவுப் பாடம்)



அரிசி, பருப்பு, எண்ணெய் விற்கும் நமக்குப் படகைப் பற்றிய பாடம் எதற்கு என்று சிலர் கேட்கலாம். வாலாஜாபாத்தை ஒட்டி ஓடும் பாலாறு ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடக்கிறது. 2015, 2021 போன்ற வெள்ள ஆண்டுகளில்தான் அது ஆறு என்பதே நமக்கு நினைவு வருகிறது. ஆனாலும் விடுமுறை வந்தால் நம் குடும்பங்கள் முட்டுக்காட்டுக்கும் பழவேற்காட்டுக்கும் பிச்சாவரத்துக்கும் போய்ப் படகில் ஏறுகின்றன. மற்ற நாட்களில் நாமே மூட்டை ஏற்றிய வண்டியில் காஞ்சிபுரம், செங்கல்பட்டு சாலையில் போய் வருகிறோம். இரண்டிலும் விதி ஒன்றுதான். பாரம் எவ்வளவு என்பதோடு, பாரம் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதும் கணக்கு. முதல் கணக்கை நம் தராசு சொல்லிவிடும். இரண்டாவது கணக்கை இவ்விதழில் காண்போம்.

ஜெட் படகு என்பது என்ன?

சாதாரண விசைப்படகில் அடியில் ஒரு விசிறி சுழன்று தண்ணீரைப் பின்னுக்குத் தள்ளும். ஜெட் படகில் அந்த விசிறி வெளியே தெரியாது. படகின் அடியில் கம்பிச் சல்லடை போட்ட ஒரு வாய் இருக்கும். எஞ்சினால் ஓடும் பம்பு அந்த வாய் வழியாகத் தண்ணீரை உறிஞ்சி, பின்பக்கம் உள்ள குறுகிய குழாய் முனை வழியாக வேகமாகப் பீய்ச்சும். தண்ணீர் பின்னே போக, படகு முன்னே போகும். நம் கிணற்று மோட்டாரின் டெலிவரி குழாயைக் கையில் பிடித்தவர்களுக்கு அந்தப் பின்தள்ளல் எப்படியிருக்கும் என்று தெரியும்.

இந்தப் படகுக்குச் சுக்கான் கிடையாது. பீய்ச்சும் முனையை இடமோ வலமோ திருப்பினால் படகு திரும்பும். பின்னோக்கி வர வேண்டுமானால் வாளி போன்ற ஒரு மூடி இறங்கி, பீய்ச்சும் தண்ணீரை முன்பக்கம் திருப்பிவிடும். இதில் ஓர் ஆபத்தும் உண்டு. பயந்துபோய் ஆக்சிலேட்டரை விட்டுவிட்டால் பீய்ச்சல் நிற்கும். அதோடு திருப்பும் சக்தியும் போய்விடும்.

நியூஸிலாந்து நாட்டு பில் ஹாமில்டன் என்பவர், தம் நாட்டின் ஆழமில்லாத, கல் நிறைந்த ஆறுகளில் போவதற்காக 1950களில் இந்த முறையைச் சீர்படுத்தினார். அடியில் விசிறி நீட்டிக்கொண்டிருக்காததால் குறைந்த தண்ணீரிலும் படகு போகும். நம் நாட்டிலும் இதற்குப் புகழ்பெற்ற சான்று உண்டு. 1953இல் எவரெஸ்ட் ஏறிய எட்மண்ட் ஹிலாரி, 1977இல் மூன்று ஜெட் படகுகளோடு கங்கைக் கடல்முகத்திலிருந்து புறப்பட்டு, கல்கத்தா, காசி, ஹரித்துவார் வழியாக இமயமலைக்குள் ஆற்றை எதிர்த்து ஏறினார். நந்தப்பிரயாகை அருகே ஓர் அருவி குறுக்கிடும்வரை படகுகள் போயின. இன்று நம் கடலோரக் காவல் படையின் விரைவுப் படகுகள் பலவும் இந்த ஜெட் முறையில்தான் ஓடுகின்றன.

முகம் தூக்கும் காரணம்

எந்த வேகப்படகும் மெதுவாகப் போகும்போது தண்ணீரை விலக்கிக்கொண்டு போகிறது. வேகம் கூடினால் தண்ணீரின் மேல் ஏறி வழுக்கிக்கொண்டு போகிறது. இந்த இரண்டு நிலைக்கும் நடுவே ஒரு மேடு உண்டு. அந்த மேட்டில்தான் பிரச்சினை எல்லாம். பின்பக்கம் தண்ணீரில் அமிழ்கிறது. மீனவர்கள் அணியம் என்று சொல்லும் முன்பக்கம் வானத்தைப் பார்க்கிறது. ஓட்டுபவருக்கு எதிரே இருப்பது தெரியாது. எஞ்சின் முக்கும், எண்ணெய் கரையும், வேகம் மட்டும் ஏறாது.

ஜெட் படகில் இது அதிகம். எஞ்சினும் பம்பும் பின்பக்கம். பெரும்பாலும் எண்ணெய்த் தொட்டியும் பின்னால்தான். பயணிகளும் பின் இருக்கையையே விரும்புவார்கள். பாரம் எல்லாம் ஒரே பக்கம் சேர்ந்துவிடுகிறது.

இன்னும் இரண்டு தொல்லைகள் உண்டு. வேகத்தில் போகும்போது முகம் ஏறி இறங்கி, ஏறி இறங்கித் துள்ளுவது ஒன்று. இடப்பக்கமோ வலப்பக்கமோ சாய்ந்தபடியே ஓடுவது மற்றொன்று.

தகடு செய்யும் வேலை

இதற்கு மருந்தாகப் படகின் பின்சுவரில், அடிமட்டத்தை ஒட்டி, இடம் ஒன்று வலம் ஒன்றாக இரண்டு தகடுகளைக் கீல் வைத்துப் பொருத்துகிறார்கள். தகட்டைக் கீழே சாய்த்தால் ஓடும் தண்ணீர் அதன்மேல் மோதி அதை மேலே தள்ளும். தகட்டோடு படகின் பின்பக்கமும் உயரும், முகம் தாழும். படகு இடப்பக்கம் சாய்ந்தால் இடத் தகட்டை மட்டும் சற்றுக் கூடுதலாக இறக்கினால் அந்தப் பக்கம் நிமிரும்.

பழைய முறையில் ஓட்டுபவர் சுவிட்சை அழுத்தி இதைச் செய்ய வேண்டும். தானாகவே செய்துகொள்ளும் தகடுகள் இரண்டு வகை.

முதல் வகையில் மின்சாரமே இல்லை. காரின் பின்கதவைத் தாங்கி நிற்கிறதே, அதைப் போன்ற வாயு அடைத்த தண்டு ஒன்று தகட்டை எப்போதும் கீழே தள்ளிக்கொண்டிருக்கும். படகு மெதுவாகப் போகும்போது தண்ணீரின் மோதல் குறைவு, தண்டு வெல்லும், தகடு இறங்கி நின்று பின்பக்கத்தைத் தூக்கும். வேகம் இருமடங்கானால் தண்ணீரின் மோதல் ஏறத்தாழ நான்கு மடங்காகும். அப்போது தண்ணீர் வெல்லும். தகடு மேலே மடங்கிக்கொள்ளும். நம் ஸ்பிரிங் தராசும் இப்படித்தான் வேலை செய்கிறது. பொருள் கீழே இழுக்க, ஸ்பிரிங் மேலே இழுக்க, இரண்டும் சமமாகும் இடத்தில் முள் நிற்கிறது. ஆனால் எந்தப் பக்கம் பாரம் கூடுதல் என்று கண்டறிந்து சரிசெய்யும் அறிவு இந்தத் தண்டுக்குக் கிடையாது.

இரண்டாம் வகையில் படகின் சாய்வை அளக்கும் உணர்கருவியும் ஒரு சிறு கணினிப் பெட்டியும் இருக்கும். வேகத்தையும் சாய்வையும் பார்த்து, மோட்டார் மூலம் ஒவ்வொரு தகட்டையும் தனித்தனியே அது ஏற்றி இறக்கும். பக்கச் சாய்வையும் சரிசெய்யும். விலையும் கூடுதல், உப்புத் தண்ணீரில் பராமரிப்பும் கூடுதல்.

ஜெட் படகில் பொருத்தும்போது

நடுவில் பீய்ச்சும் முனையும் வாளி மூடியும் இருப்பதால் சில கவனங்கள் தேவை. முனை இருபுறமும் முழுதாகத் திரும்பவும், மூடி முழுதாக இறங்கவும் இடம் விட்டே தகட்டை வைக்க வேண்டும். பின்னோக்கி வரும்போது முன்பக்கம் திரும்பும் தண்ணீர், இறங்கியிருக்கும் தகட்டில் மோதக்கூடாது. நடுக்கோட்டிலிருந்து இரண்டு தகடும் ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். தகட்டின் கீல் விளிம்பு படகின் அடிமட்டத்துக்குக் கீழே நீட்டக்கூடாது. நீட்டினால் எப்போதும் தண்ணீரை இழுத்துக்கொண்டே இருக்கும். பின்சுவரில் போடும் ஒவ்வொரு துளையும் தண்ணீர் நுழையும் வழி. எனவே தண்ணீர் புகாத பசை வைத்தே போல்ட்டை முடுக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் முன் செய்ய வேண்டியது ஒன்றுண்டு. தகடு வாங்கும் முன் பாரத்தை நகர்த்திப் பார்க்க வேண்டும். பின்னால் இருப்பவர்களில் இருவரை முன்னால் உட்காரவைத்து ஓட்டிப் பார்த்தாலே பல படகுகளில் பாதித் தொல்லை தீரும். அதற்குச் செலவு ஒரு காசும் இல்லை. அதன்பின்னும் தொல்லை இருந்தால்தான் தகடு. பொருத்திய பிறகு ஒருவரோடும், முழுப் பாரத்தோடும் தனித்தனியே ஓட்டிப் பார்க்க வேண்டும். தகடு அளவுக்கு மீறிப் பெரிதானால் முகம் தண்ணீரைக் குத்தும். அப்போது சிறு திருப்பத்திலும் படகு வெடுக்கென்று திரும்பிவிடும். மருந்தும் அளவு மிஞ்சக்கூடாது அல்லவா?

தகடு செய்யாத வேலை

இதுதான் நாம் மனத்தில் இருத்த வேண்டிய பகுதி. தகட்டுக்குச் சக்தி கொடுப்பது ஓடும் தண்ணீர். படகு நின்றால் தகடு வெறும் இரும்பு. அளவுக்கு மீறி ஆள் ஏற்றுவதற்கும், எல்லாரும் ஒரு பக்கம் சாய்வதற்கும் எந்தத் தகட்டிலும் மருந்து இல்லை.

2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடி ஏரியில் 'ஜலகன்யகா' என்ற சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் மாண்டனர். 2011 கிறிஸ்துமஸ் அன்று நம் பழவேற்காட்டில் படகு கவிழ்ந்து 22 பேர் போயினர். 2023 மே 7 அன்று கேரளத்துத் தானூரில் மீண்டும் 22 பேர். ஒவ்வொன்றும் உல்லாசப் பயணமாகத் தொடங்கியதுதான். குடும்பம் குடும்பமாகப் போனவர்கள்தான்.

ஆகவே படகில் ஏறும் முன் அனுமதிக்கப்பட்ட ஆள் கணக்கைக் கேளுங்கள், தலைகளை எண்ணுங்கள். குழந்தைகளுக்கும் மிதவைச் சட்டை இல்லையென்றால் ஏறாதீர்கள். நடுவில், தாழ உட்காருங்கள். படம் எடுக்க எல்லாரும் ஒரே பக்கம் எழுந்து ஓடாதீர்கள். கொடுத்த டிக்கெட் பணம் போனாலும் போகட்டும் என்று திரும்பி வருவது நஷ்டம் ஆகாது.

நம் வண்டியின் முகம்

இப்போது கடைக்கு வருவோம். சிறு சரக்கு வண்டியில் மூட்டைகளைக் கடைசிப் பலகைவரை அடுக்கினால் என்ன ஆகிறது? வண்டியும் முகம் தூக்குகிறது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே 7 அடி என்று வைத்துக்கொள்வோம். 50 கிலோ சர்க்கரை மூட்டை 10. ஆக 500 கிலோ. இந்தச் சரக்கின் நடுமையம் பின் அச்சுக்கு 2 அடி பின்னால் இருந்தால், முன்சக்கரங்களின் மேலிருந்து சுமார் 143 கிலோ பாரம் குறைந்துவிடும். பின் அச்சு 500 கிலோவுக்குப் பதில் சுமார் 643 கிலோ கூடுதலாகத் தாங்கும். அதே 10 மூட்டைகளின் மையம் பின் அச்சுக்கு 2 அடி முன்னால் இருந்தால், முன்சக்கரம் 143 கிலோ, பின்சக்கரம் 357 கிலோ என்று பகிர்ந்துகொள்ளும். சரக்கு அதே 500 கிலோதான். எடைமேடைச் சீட்டில் இந்த வித்தியாசம் தெரியாது, சாலையில் தெரியும்.

முன்சக்கரத்தில் பாரம் குறைந்தால் ஸ்டீயரிங் லேசாகும், முன் பிரேக் பிடிக்காது, மழையில் வண்டி வழுக்கும். முகம் தூக்கியதால் விளக்கொளி எதிரே வருபவரின் கண்ணில் போய் அடிக்கும்.

இதற்குச் சிலர் கண்டுபிடித்திருக்கும் தகடு, கூடுதல் ஸ்பிரிங் பட்டை. பட்டை போட்டால் வண்டி நிமிர்ந்து நிற்கும். பார்வைக்கு அழகாகவும் இருக்கும். ஆனால் அச்சின் வலிமையோ, டயரின் தாங்கும் அளவோ, பிரேக்கின் பிடிப்போ ஒரு கிலோகூடக் கூடவில்லை. சரக்கு வண்டிகள் பலவற்றில், பின்பக்கம் எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்பதைக் கொண்டு பின் பிரேக்கின் அழுத்தத்தைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் ஒரு வால்வு உண்டு. பட்டை போட்டு வண்டியை உயர்த்திவிட்டால், வண்டி காலி என்று அந்த வால்வு எண்ணிக்கொள்ளும். முழுப் பாரத்தோடு போகும்போது பின் பிரேக்கைக் குறைத்துவிடும். பட்டை வேலை செய்தால் அந்த வால்வையும் சரிபார்க்கச் சொல்லி மெக்கானிக்கிடம் கேட்க வேண்டும்.

நினைவில் கொள்ள வேண்டியவை

1. கனமான மூட்டைகள் கீழே, பின் அச்சுக்கு முன்னால். பிஸ்கட், வத்தல் போன்ற இலேசானவை மேலேயும் பின்னாலும்.

2. இடமும் வலமும் சமம். 15 கிலோ எண்ணெய் டின்களை ஒரே பக்கம் அடுக்காதீர்கள்.

3. வழியில் கடை கடையாக இறக்கும்போது முன்பக்கச் சரக்கு மட்டும் தீர்ந்துவிடாதபடி வரிசையைத் திட்டமிடுங்கள். தேவைப்பட்டால் நடுவழியில் மூட்டையை முன்னே நகர்த்துங்கள்.

4. சரக்கை நன்றாகக் கட்டுங்கள். ஏற்றும்போது சரியாக இருந்த பாரம், மேடு ஏறும்போது பின்னே நகரும்.

5. சாதனம் வாங்கும் முன் பாரத்தை மாற்றிப் பாருங்கள். படகுக்கும் வண்டிக்கும் இது பொது.

6. தானியங்கிச் சாதனம் எதுவானாலும், அது எதைப் பார்த்து வேலை செய்கிறது, எப்போது வேலை செய்யாது என்ற இரண்டையும் கேட்டறிந்த பிறகே பணம் கொடுங்கள்.

கடையில் ஒரு கிராம் குறையாமல் நிறுத்துக் கொடுப்பது வணிகரின் நேர்மை. அந்தக் கண்டிப்பில் கொஞ்சத்தை மூட்டை ஏற்றும் நேரத்திலும், பிள்ளைகளோடு படகில் ஏறும் நேரத்திலும் நாம் காட்ட வேண்டும். உறுப்பினர்கள் இந்தப் பக்கத்தைத் தங்கள் வண்டி ஓட்டுநருக்கும் சுமை தூக்கும் தோழர்களுக்கும் படித்துக் காட்டுமாறு கேட்டுக்கொள்கிறோம்.