காஜா பையனாக இருந்தவன் சொல்கிறேன்

எட்டாவதோடு படிப்பு நின்றுபோய், மதுரையில் ஒரு தையல் கடையில் காஜா எடுக்க உட்கார்ந்தவன் நான். இன்று கண்ணாடி இல்லாமல் ஊசியில் நூல் கோக்க முடியாது. கடைக்கு வரும் இளவட்டங்கள் செல்போனில் ஒரு படத்தைக் காட்டி, "இதே மாதிரி வேணும் தாத்தா, ஆனா யாருகிட்டயும் இல்லாததா இருக்கணும்" என்கிறார்கள். இரண்டும் எப்படி ஒத்துவரும் என்று கேட்டால் சிரிக்கிறார்கள். தனக்கென்று ஓர் உடுப்பு வேண்டும் என்பது நல்ல ஆசை. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

1. முதலில் உங்கள் அளவு.
ரெடிமேட் கடையில் எஸ், எம், எல் என்று எழுத்துதான் இருக்கும். உங்கள் உடம்பு அதில் இருக்காது. ஒரு டேப் வாங்கி தோள், மார்பு, இடுப்பு, கை நீளம் நான்கையும் எழுதி வையுங்கள். தொளதொளவென்று போடப் பிடித்தால் போடுங்கள். அதிலும் கணக்கு உண்டு. தோள் தையலை எலும்பு முடியும் இடத்திலிருந்து இரண்டு அங்குலம் இறக்குவேன். கழுத்தை மட்டும் உங்கள் அளவிலேயே நிறுத்துவேன். கழுத்தும் தளர்ந்துவிட்டால், அண்ணன் சட்டையை மாட்டிக்கொண்டு வந்த தம்பியாகத்தான் தெரிவீர்கள்.

2. மீறுவதற்கு முன் முறையைக் கற்றுக்கொள்ளுங்கள்.
1888இல் படிக்கப் போன காந்தி இங்கிலாந்துக் கரையில் வெள்ளை பிளானல் உடுப்போடு இறங்கினார். சுற்றிலும் அப்படி உடுத்தியவர் ஒருவரும் இல்லை, கூசிப்போனார். பிறகு உயரத் தொப்பி, நல்ல தையல்காரரிடம் தைத்த கோட்டு என்று அந்த ஊர் முறையை ஒழுங்காகக் கற்றார். 1921 செப்டம்பர் 22 அன்று எங்கள் ஊர் மேலமாசி வீதியில் தங்கியிருந்தபோது, மேல்சட்டையையும் தொப்பியையும் விட்டு அரையாடைக்கு மாறினார். 1931இல் லண்டன் அரண்மனைக்குள் அதே உடுப்போடு போனார். முறை தெரியாமல் வந்துவிட்டார் என்று அப்போது எவரும் சொல்ல முடியவில்லை. தெரிந்து மீறுகிறவனுக்குக் கூச்சம் வராது.

3. கண்ணில் படுவது ஒன்று இருந்தால் போதும்.
ஒரு பள்ளிப்பிள்ளை நாலு கோட்டில் முண்டாசும் மீசையும் வரைந்தால் பாரதி என்று சொல்லிவிடுகிறோம். முகம் சரியாக வராவிட்டாலும் பரவாயில்லை. உங்களுக்கும் அப்படி ஒன்றைத் தேடுங்கள்: ஒரு காலர், ஒரு நிறம், வேட்டி கட்டும் விதம், பெரிய ஜிமிக்கி. மற்றதெல்லாம் அதற்கு இடம் விட்டு ஒதுங்கட்டும். எடுத்ததை எடுத்தபடி தொடருங்கள். ஒரு நாள் போட்டால் வேஷம். ஒரு வருஷம் போட்டால்தான் உங்கள் பெயரோடு ஒட்டும்.

4. அடுக்கிப் போட ஆசையா? அதற்கும் உழைக்க வேண்டும்.
நியூயார்க்கில் ஐரிஸ் ஆப்ஃபெல் என்று ஓர் அம்மா இருந்தார். வட்டமான பெரிய கறுப்புக் கண்ணாடி, முழங்கை வரை வளையல், மாலைமேல் மாலை. பெரிய கடைச் சரக்கையும் பழைய சாமான் சந்தையில் பொறுக்கியதையும் சேர்த்தே போடுவார். 2005இல் அவருடைய உடுப்புகளையும் நகைகளையும் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் கண்காட்சியாக வைத்தபோது அவருக்கு வயது 84. இது திடீரென்று வந்ததல்ல. கணவரோடு சேர்ந்து பல ஆண்டுகள் துணிக் கம்பெனி நடத்தி, பழங்கால நெசவுகளை மறுபடி நெய்வித்தவர். துணியறிவு இருந்ததால்தான் அத்தனையும் அவர்மேல் அடங்கி நின்றன.

5. கடைக்குப் போகுமுன் வீட்டுப் பெட்டியைத் திறங்கள்.
ஒரு பெண் தன் பாட்டியின் கண்டாங்கிச் சேலையை எடுத்து வந்தாள். அரக்குச் சிவப்பில் கறுப்புக் கட்டம், அகலமான கரை. நீளக் கோட்டாக வேண்டும் என்றாள். பழைய சேலை மடிப்பில்தான் முதலில் நைந்திருக்கும். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, இற்ற இடங்களைச் சாக்பீஸால் குறித்து, அவற்றை விலக்கி முன்பக்கமும் முதுகும் வெட்டினேன். உள்ளே மெல்லிய பருத்தி லைனிங். கரையைக் காலருக்கும் கை விளிம்புக்கும் வைத்தேன். அப்படி இன்னொரு கோட்டு எந்தக் கடையிலும் கிடைக்காது.

ஆனால் கேட்டுவிட்டு வெட்டுங்கள். முன்பு ஒருமுறை, பேத்தி கொடுத்தாள் என்று ஒரு பட்டுச் சேலையில் விசாரிக்காமல் கத்தரி வைத்தேன். அது அவள் பாட்டியின் முகூர்த்தச் சேலை. அந்த அம்மா கடைவாசலில் நின்று அழுதது இன்னும் எனக்கு மறக்கவில்லை.

6. துணியின் குணம் தெரிந்து வாங்குங்கள்.
கைத்தறிப் பருத்தியை ஒரு தண்ணீர் நனைத்துக் காயவைத்த பிறகே தைக்கக் கொடுங்கள். இல்லையென்றால் முதல் துவைப்பில் சட்டை ஏறிக்கொள்ளும். 1950களின் கடைசியில் நம் மெட்ராஸ் கட்டம் அமெரிக்காவுக்குப் போனது. தனியாக, பச்சைத் தண்ணீரில் அலச வேண்டும் என்பதை வாங்கியவர்களுக்குச் சொல்லவில்லை. சாயம் விட்டு மற்ற துணியெல்லாம் கெட, சண்டைக்கு வந்தார்கள். விற்றவர்கள் சளைக்கவில்லை. சாயம் போகும் என்று உத்தரவாதம் தந்தே விளம்பரம் செய்தார்கள். துவைக்கத் துவைக்கப் புது நிறம் வருமென்று அதுவே மோஸ்தராகிவிட்டது. குறையை மறைக்காமல் முன்னால் நிறுத்துவதும் ஒரு வழிதான்.

7. இடம் பாருங்கள்.
துக்க வீட்டில் உங்கள் உடுப்பைப் பற்றிப் பேச்சு வரக் கூடாது. பைக்கில் ஏறினால் துப்பட்டாவை முடிச்சுப் போடுங்கள். பட்டறையில் கையை மடித்துவிடுங்கள். சக்கரத்துக்கு ஸ்டைல் தெரியாது.

8. கடன் வாங்கிப் போடாதீர்கள்.
ஒரே சட்டையில் பட்டனை மாற்றினாலே பாதி ஆள் மாறிவிடும். அதற்கு ஆகும் செலவு ஒரு டீ, வடைக் காசு.

9. சிரிப்பார்கள். ஒரு மாதம் பொறுங்கள்.
வாலிபத்தில் கைலித் துணி எடுத்து எனக்கே அரைக்கைச் சட்டை தைத்துக்கொண்டேன். கட்டம் முன்பட்டியில் ஒரு நூல்கூடப் பிசகாமல் சேரும்படி இரண்டு ராத்திரி உட்கார்ந்தேன். மறுநாள் டீக்கடையில், "என்னப்பா, கைலி மேல ஏறிருச்சு?" என்று கேட்டுக் கடையே சிரித்தது. நானும் சிரித்தேன்; கழற்றவில்லை. ஒரு மாதம் கழித்து, அதே டீக்கடைக்காரர் ஒரு கைலியைக் கொண்டுவந்து, "நமக்கும் ஒண்ணு அடிச்சுக் கொடு" என்றார். சிரிப்பவர்களில் பாதிப்பேர் ஆசைப்பட்டுத் தயங்குகிறவர்கள். மீதிப் பாதி மறந்துபோவார்கள்.

10. அடுத்தவர் உடுப்பைப் பார்த்து நீங்கள் சிரிக்காதீர்கள்.
தெற்குத் திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் தோளில் துணி போடும் உரிமைக்காகப் பல ஆண்டுகள் அடிபட்டார்கள். 1859இல் மன்னர் அனுமதித்தபோதும், உயர்சாதிப் பெண்கள் போடும் விதத்தில் போடக் கூடாது என்று நிபந்தனை இருந்தது. இன்று நாம் விரும்பியதை விரும்பியபடி உடுத்துகிறோம் என்றால், அது யாரோ அடி வாங்கிக் கொடுத்தது. உங்களுக்குப் பிடிக்காத உடுப்பில் ஒருவர் எதிரே வந்தால், வழி விட்டுப் போங்கள்.

இத்தனையும் ஒரே நாளில் வேண்டாம். இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு வேலை போதும்: அம்மாவிடம் கேட்டுவிட்டு அந்தப் பழைய பெட்டியைத் திறந்து பாருங்கள். எடுத்து வந்தால் தைத்துத் தர ஆள் இருக்கிறோம்.