வீடு கட்டிப் படிக்கும் மாணவர்கள்

வரைபடம் போடுபவரும் கம்பி கட்டுபவரும் குழாய் பதிப்பவரும் முன்கூட்டியே பேசிக்கொள்ளாவிட்டால், போட்ட பீமைக் கழிவுக்குழாய்க்காக உடைக்க நேரும். வகுப்பில் இதை எத்தனை முறை சொன்னாலும் மனதில் தங்காது. பிறரோடு சேர்ந்து செய்யும்போதுதான் மாணவர் அறிவைத் தாமே கட்டிக்கொள்கிறார் என்பது ரஷ்ய உளவியலாளர் வைகாட்ஸ்கி வழிவந்த கருத்து.

அமெரிக்காவின் ஆபர்ன் பல்கலைக்கழகம் இதை ஏட்டோடு விடவில்லை. சாமுவேல் மாக்பி, டி.கே. ரூத் ஆகிய இரு பேராசிரியர்கள் 1993ல் அங்கே 'ரூரல் ஸ்டுடியோ'வைத் தொடங்கினார்கள். அலபாமா மாநிலத்தில் வறுமை மிகுந்த ஹேல் கவுண்டியில் மாணவர்கள் தங்கி, ஏழைக் குடும்பங்களுக்கு வீடு வரைந்து, தாங்களே கட்டுகிறார்கள். மதிப்பெண்ணுக்காக வரைபடத்தை மறைத்து வைத்துக்கொள்ள அங்கே வழியில்லை. கூரை ஒழுகினால் நனையப்போவது ஒரு குடும்பம் அல்லவா! குடியிருக்கப் போகிறவரையும் கேட்டுத்தான் வேலை நடக்கும்.

2005ல் 20,000 டாலரில் ஒரு வீடு என்ற இலக்கை வைத்தார்கள். கைப்பணம் இவ்வளவுதான் என்றால், கூரைக்குக் கூடுதலாகக் கேட்பவர் அஸ்திவாரக்காரரோடு உட்கார்ந்து பேசியே ஆகவேண்டும்.

பிள்ளைகளை சிவில் படிப்பில் சேர்க்கும் பெற்றோருக்கு நாங்கள் சொல்வது இதுதான்: மாணவர்கள் சேர்ந்து எதையாவது கட்டியிருக்கிறார்களா என்று கல்லூரியில் கேளுங்கள். ஒரு சுற்றுச்சுவராக இருந்தாலும் சரி, போய்ப் பாருங்கள்.