கணினிக்கு மின்சாரம் ஊட்டும் பெட்டி

கணினி வாங்கப் புறப்படுகிறவர்கள் செயலி எது, நினைவகம் எவ்வளவு, கிராபிக்ஸ் கார்டு என்ன என்றெல்லாம் விசாரிப்பார்கள். இவை அனைத்திற்கும் மின்சாரம் ஊட்டுகின்ற எஸ்.எம்.பி.எஸ். பெட்டியைப் பற்றிக் கேட்பவர் மிகச் சிலரே. கடைக்காரர் எடுத்துக் கொடுப்பதை வாங்கி வருவதே வழக்கம். வேகம் மிகுந்த கணினிக்கு அப்பெட்டியைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்பதையும், இன்று பலரும் விரும்புகின்ற 'மாடுலர்' வகை நம் கடலூர்ப் பகுதிக்கு எந்த அளவு ஏற்றது என்பதையும் நான் அறிந்தவரை இங்கே எழுத முற்படுகிறேன்.

இதை எழுத எனக்கு ஒரு காரணம் உண்டு. என் அண்ணன் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். சிதம்பரத்தில் ஒரு ஸ்டூடியோவில் திருமண வீடியோக்களைத் தொகுக்கும் வேலை பார்த்தார். கடலூர் துறைமுகம் ஜங்ஷனில் ரயிலேறி நாள்தோறும் போய் வருவார். அவ்வேலையை வீட்டிலிருந்தே சொந்தமாகச் செய்யட்டும் என்று சென்ற ஆண்டு அம்மா மகளிர் சுய உதவிக் குழுவில் கடன் எடுத்துக் கொடுத்தார்கள். "நீதான் பிசிக்ஸ் படிக்கிறியே தம்பி, எந்தப் பெட்டி வாங்கலாம், பார்த்துச் சொல்லு" என்றார் அண்ணன். எங்கள் வீட்டிலிருந்து கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். என் படிப்பை நம்பி வீட்டில் கேட்கப்பட்ட முதல் கேள்வி அதுதான்.

முதலில் அப்பெட்டி செய்யும் வேலையைக் காண்போம். சுவரிலிருந்து வருவது 230 வோல்ட் மாறுதிசை மின்னோட்டம். இரண்டின் வர்க்கமூலத்தால் பெருக்கினால் அதன் உச்சம் சுமார் 325 வோல்ட். பெட்டி இதை நேர்திசையாகத் திருத்துகிறது. பின்னர் வினாடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி வெட்டி விடுகிறது. சிறிய மின்மாற்றி ஒன்றின் வழியே இறக்கி, மறுபடியும் திருத்தி, 12, 5, 3.3 வோல்ட்டுகளாகத் தருகிறது. அதிர்வெண் உயர உயர மின்மாற்றியின் இரும்பும் செம்பும் குறைந்துகொண்டே போகும். தாத்தா காலத்து வால்வு ரேடியோவின் மின்மாற்றி செங்கல் போலக் கனத்ததும், அதைவிடப் பன்மடங்கு திறன் தரும் இப்பெட்டியின் மின்மாற்றி கைக்குள் அடங்குவதும் இதனாலேயே.

இனி வாட் கணக்கு. கடையில் எங்களுக்கு முதலில் காட்டப்பட்டது '600 வாட்' என்று கொட்டை எழுத்தில் அச்சிட்ட ஒரு பெட்டி. விலை மிக மலிவு. அதன் பக்கவாட்டில் ஒட்டியிருந்த சிறு அட்டவணையைப் படித்தேன். 12 வோல்ட் பிரிவில் 25 ஆம்பியர் என்றிருந்தது. 12-ஐ 25-ஆல் பெருக்கினால் 300 வாட். அவ்வளவே! மீதியை மற்றப் பிரிவுகளில் சேர்த்துக் கணக்குக் காட்டியிருந்தார்கள். இன்றைய செயலியும் கிராபிக்ஸ் கார்டும் தமக்கு வேண்டிய மின்சாரத்தில் ஏறத்தாழ முழுவதையும் 12 வோல்ட்டிலிருந்தே எடுத்துக்கொள்கின்றன. ஆகவே கொட்டை எழுத்தைப் பார்ப்பதைவிட இந்த ஆம்பியர் எண்ணைப் பார்ப்பதே அறிவுடைமை. அடுத்துப் பார்த்த 750 வாட் பெட்டியில் 12 வோல்ட்டுக்கு 62 ஆம்பியர் போட்டிருந்தது. அது 744 வாட்; சொன்னதும் இருப்பதும் ஒத்துப்போகின்றன.

எங்களுக்குத் தேவை எவ்வளவு? அண்ணன் விரும்பிய செயலி உச்ச வேலையில் 250 வாட் வரை எடுக்கும். என்விடியா ஆர்.டி.எக்ஸ். 4070 கார்டுக்கு 200 வாட். மதர்போர்டு, டிஸ்க்குகள், விசிறிகள் எல்லாவற்றுக்கும் 70 என்று வைத்தால் மொத்தம் 520. இதோடு நிறுத்திவிடக் கூடாது. கிராபிக்ஸ் கார்டு இமைப்பொழுதினும் குறைந்த நேரத்தில் தன் அளவைத் தாண்டி மின்சாரத்தை இழுக்கும் இயல்புடையது. இதற்காகவே 2022-இல் வந்த ஏ.டி.எக்ஸ். 3.0 என்னும் விதிமுறை, புதுவகைக் கார்டுகளுக்கான பெட்டி தன் திறனைப்போல் இரு மடங்கை 100 மைக்ரோ வினாடி தாங்க வேண்டும் என்கிறது. 750 வாட் எங்களுக்குப் போதும் என்று முடிவு செய்தோம். ஆயிரம் வாட் வீண்.

'80 பிளஸ்' முத்திரைகளைப் பற்றிச் சிறிது. பாதிச் சுமையில் வெண்கலம் 85 விழுக்காடும் தங்கம் 90 விழுக்காடும் பயனுறுதிறன் தரவேண்டும். இவை 115 வோல்ட்டில் சோதித்த எண்கள். நம் 230 வோல்ட்டில் சற்றுக் கூடும். சராசரி 300 வாட் சுமையில் இரண்டிற்கும் உள்ள வேறுபாடு 20 வாட். நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் ஓட்டினால் மாதத்திற்கு ஐந்து யூனிட்டுகூட வராது. மின் கட்டணத்தை மிச்சப்படுத்தவென்று தங்கம் வாங்குவது நம்மைப் போன்றோருக்குக் கட்டுப்படியாகாத கணக்கு. ஓட்டு வீட்டில் சித்திரை வெயிலில் வெப்பம் குறையும், விசிறி சத்தம் தணியும் என்பது வேண்டுமானால் உண்மை.

நம் ஊருக்கு இதைவிட முக்கியமானது வேறொன்று. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் நம் கரையைக் கடந்தபோது எனக்கு ஆறு வயது. பல நாள் இருட்டில் கிடந்த பிறகு எங்கள் தெருவில் இன்வெர்ட்டர் வாங்காத வீடு குறைவு. மின்சாரம் போய் இன்வெர்ட்டரோ யு.பி.எஸ்.ஸோ பொறுப்பேற்கும் அந்தச் சிறு இடைவெளியில் கணினியை உயிரோடு வைத்திருப்பது பெட்டிக்குள் இருக்கும் பெரிய மின்தேக்கியே. நம் பாடநூலில் உள்ள ½CV² வாய்பாடு இங்கே உதவுகிறது. 470 மைக்ரோ ஃபாரட் மின்தேக்கி 380 வோல்ட்டிலிருந்து 300-க்கு இறங்கும்போது சுமார் 12.8 ஜூல் ஆற்றலைத் தருகிறது. 500 வாட் வெளியீட்டிற்கு, 90 விழுக்காடு பயனுறுதிறனில், 555 வாட் உள்ளே போக வேண்டும். வகுத்துப் பார்த்தால் 23 மில்லி வினாடி. யு.பி.எஸ். பெரும்பாலும் 10 மில்லி வினாடிக்குள் மாறிவிடும், ஆகவே தப்பித்தோம். மலிவுப் பெட்டியில் இதில் பாதி அளவுள்ள மின்தேக்கியை வைத்திருந்தால் 11 மில்லி வினாடிதான். அது கயிற்றின் மேல் நடப்பது. இன்வெர்ட்டர் வைத்திருப்பவர்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். பல மாடல்களில் யு.பி.எஸ். என்றும் சாதாரணம் என்றும் ஒரு சுவிட்ச் உண்டு. சாதாரண நிலையில் மாறும் நேரம் அதிகம்.

இப்போது மாடுலர் விஷயத்திற்கு வருவோம். சாதாரணப் பெட்டியில் எல்லா வயர்களும் உள்ளிருந்தே புறப்படும். முழு மாடுலரில் ஒவ்வொரு கேபிளையும் வேண்டும்போது செருகிக்கொள்ளலாம். அரை மாடுலரில் மதர்போர்டுக்கும் செயலிக்கும் செல்பவை நிலையாக இருக்க, மற்றவை மட்டும் கழன்று வரும். உள்ளே காற்றோட்டம் நன்றாக இருக்கும். தூசு துடைப்பது எளிது. ஆனால் செருகும் ஒவ்வோர் இடமும் ஒரு தொடுமுனை. எங்கள் வீடு முதுநகரில், துறைமுகத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. சைக்கிள் சங்கிலி ஒரு மாதத்தில் துருப்பிடிக்கும் உப்புக் காற்று. கார்டுக்குச் செல்லும் எட்டு ஊசி இணைப்பு 150 வாட்டுக்கு உரியது; 12.5 ஆம்பியர் மூன்று ஊசிகளில் பிரிந்து ஒவ்வொன்றிலும் 4.2 ஆம்பியர் ஓடும். தொடுமுனையின் மின்தடை அரிப்பினால் 0.1 ஓம் ஆகிவிட்டால், I²R-இன்படி அந்த ஒரே ஊசியில் 1.7 வாட்டுக்கு மேல் வெப்பம் பிறக்கும். குண்டூசி அளவு இடத்தில் இது அதிகம். 600 வாட் வரை தாங்கும் புதிய பதினாறு ஊசி இணைப்பில் ஊசிக்கு 8.3 ஆம்பியர்! 2022-இல் ஆர்.டி.எக்ஸ். 4090 கார்டுகள் சிலவற்றில் அந்த இணைப்பு உருகிப்போனதும், முழுவதும் அழுந்தச் செருகாதது அதற்கு ஒரு காரணமாகக் கண்டறியப்பட்டதும் செய்தியாயின. ஆகவே கடலோரத்தில் இருப்பவர்க்கு அரை மாடுலரே போதும் என்பது என் கருத்து. மதர்போர்டுக்கும் செயலிக்கும் செல்லும் கேபிள்களில் ஒரு தொடுமுனை குறைகிறது, விலையும் குறைகிறது.

மாடுலரில் இன்னோர் ஆபத்து உண்டு. சிதம்பரத்தில் அண்ணனுக்குத் தெரிந்த வேறொரு ஸ்டூடியோவில் எஸ்.எம்.பி.எஸ். கெட்டுப்போக, புதிய பெட்டி வாங்கினார்கள். பழைய கேபிள்கள் அழகாகக் கட்டியிருந்தபடியால் அவற்றைக் கழற்றாமல் புதிய பெட்டியில் செருகிவிட்டார்கள். சரியாகப் பொருந்தியும்விட்டது. சுவிட்சைப் போட்டதும் இரண்டு ஹார்டு டிஸ்க்குகள் கருகின. கேபிளின் டிஸ்க் பக்கத்து முனை உலகெங்கும் ஒரே அமைப்பு. பெட்டிப் பக்கத்து முனைக்கு அப்படிப் பொது விதி இல்லை. ஒரு நிறுவனம் 5 வோல்ட் வைத்த துளையில் இன்னொரு நிறுவனம் 12 வோல்ட் வைத்திருக்கலாம். ஒரே நிறுவனத்தின் இரு மாடல்களுக்குள்ளும் மாறலாம். அந்த டிஸ்க்குகளில் ஒரு தை மாதத்துத் திருமணங்கள் பலவும் இருந்தன. டிஸ்க்கை வாங்கிவிடலாம், தாலி கட்டும் காட்சியை மறுபடி எடுக்க முடியுமா?

பெட்டி வாங்கியாயிற்று. வீட்டில் வைத்து இயக்கியதும் கணினியின் உலோகக் கூட்டைத் தொட்ட அம்மா, "என்னடா இது, சுரீர்னு இழுக்குது" என்று கையை உதறினார்கள். குற்றம் பெட்டியில் இல்லை. மின் இரைச்சலை வடிகட்ட எஸ்.எம்.பி.எஸ்.ஸின் வாயிலில் இரு சிறு மின்தேக்கிகளைக் கூட்டோடு இணைத்திருப்பார்கள். எர்த் இணைப்பு இல்லாவிடில் கூடு வழங்கு மின்னழுத்தத்தில் பாதி, அதாவது 115 வோல்ட் அளவில் நிற்கும். ஓட்டம் மிகச் சிறிது என்பதால் சுரீர் என்பதோடு போகிறது. எங்கள் பழைய வீட்டின் மூன்று துளைப் பிளக்கில் மேல்துளைக்குப் பின்னால் வயரே இல்லை. எலக்ட்ரீஷியனை அழைத்துக் கொல்லையில் எர்த் பைப் இறக்கி வயர் இழுத்த பிறகே அண்ணன் வேலையைத் தொடங்கினார்.

பயன்படுத்தாத கேபிள்களை ஒரு துணிப்பையில் போட்டு, பெட்டியின் பெயரையும் மாடல் எண்ணையும் ஓர் அட்டையில் எழுதி அதோடு கட்டி வைத்திருக்கிறேன். ஆறு மாதத்திற்கு ஒரு முறை மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, கார்டு இணைப்பைக் கழற்றி ஊசிகளில் பச்சை படர்ந்திருக்கிறதா என்று பார்ப்பது என் பொறுப்பு. சென்ற பொங்கல் விடுமுறையில் பார்த்தபோது ஊசிகள் சுத்தமாக இருந்தன.